முந்திக்கொண்ட அன்பு

யோவான் எழுதிய நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் எரிகிறது. முதல் நெருப்பு பிரதான ஆசாரியனின் வீட்டு முற்றத்தில். குளிரான இரவு. வேலைக்காரர்களும் சேவகர்களும் சுற்றி நின்று குளிர்காய்கிறார்கள், இயேசுவின் சீஷரான பேதுருவும் அவர்களோடு நிற்கிறார். உள்ளே இயேசுவை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். "நீயும் அவனோடு இருந்தவன்தானே?" என்று அந்த இரவில் மூன்று முறை கேள்வி வருகிறது. மூன்று முறையும் பேதுரு இல்லை என்கிறார். சேவல் கூவுகிறது.

இரண்டாவது நெருப்பு ஏரிக்கரையில், விடியற்காலையில். இயேசு சிலுவையில் இறந்து, உயிர்த்தெழுந்த பிறகு நடப்பது. இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காத சீஷர்களுக்குக் கரையில் நிற்பவர் யாரென்று முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் பேதுரு தண்ணீரில் குதித்துவிடுகிறார். கரையேறிப் பார்த்தால் கரிநெருப்பு போட்டிருக்கிறது. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். யோவான் பயன்படுத்தும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறது. அதே கரி, அதே புகை வாசனை. பேதுருவுக்கு அந்த இரவு ஞாபகம் வராமல் இருந்திருக்குமா?

அங்கே இயேசு அவர்களை அழைத்த வார்த்தை, வந்து சாப்பிடுங்கள் என்பது. மன்னிப்புக் கேட்டாயா, ஏன் அப்படிச் செய்தாய், இனிமேல் செய்யமாட்டாயே என்றெல்லாம் ஒரு கேள்வியும் இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. அதுவும் விசாரணையாக இல்லை. "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, என் ஆடுகளைப் பார்த்துக்கொள் என்று ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார் என்று யோவான் எழுதுகிறார். வலிக்காமல் இல்லை. ஆனால் அந்த வலி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது.

கடவுளின் அன்பைப் பற்றியும் பாவமன்னிப்பைப் பற்றியும் கிறிஸ்தவர்கள் நம்புவதன் மையம் இந்த வரிசையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். யார் முதலில் அசைகிறார்கள்? மனிதன் திருந்தினால் கடவுள் அன்புகூருவாரா, கடவுள் அன்புகூர்ந்ததால் மனிதன் திருந்துகிறானா? யோவானின் முதல் நிருபம் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறது: "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்." முந்தி என்ற அந்தச் சின்னச் சொல்லைச் சுற்றித்தான் 2000 வருடச் சண்டைகளும் சமாதானங்களும் நடந்திருக்கின்றன. பவுல் ரோமருக்கு எழுதும்போது அதையே வேறு விதமாகச் சொல்கிறார். நாம் நல்லவர்களான பிறகு இல்லை, பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'நிபந்தனையற்ற அன்பு' என்று இன்று பிரசங்கங்களில் சரளமாகச் சொல்கிறோம். அந்தத் தொடர் வேதாகமத்தில் எங்கும் இல்லை. வேதாகமம் கிருபை என்கிறது, தயை என்கிறது, இரக்கம் என்கிறது. கத்தோலிக்க வழக்கில் அருள். தொடர் புதிது என்பதற்காகக் கருத்து தவறாகிவிடாது. ஆனால் எதற்கு நிபந்தனை இல்லை என்று பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பம் வரும். நேசிப்பதற்குக் கடவுள் நிபந்தனை வைப்பதில்லை என்பதில் திருச்சபைகள் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. அந்த மன்னிப்பை ஒருவர் எப்படிப் பெற்றுக்கொள்கிறார், பெற்றதும் அவருக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் பாதைகள் பிரிகின்றன.

இது புதிய ஏற்பாட்டில் திடீரென்று முளைத்த எண்ணமும் இல்லை. பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பானவர் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதையே ஒரு போதனையாக்கிப் பழைய ஏற்பாட்டை ஒதுக்கினார். திருச்சபை அதை ஏற்கவில்லை, அதற்குக் காரணம் இருந்தது. யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மக்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கியாகிவிட்டது. மோசே கற்பலகைகளை உடைத்தாகிவிட்டது. உடன்படிக்கை ஆரம்பத்திலேயே நொறுங்கிப்போன அந்த நேரத்தில்தான் கடவுள் தம்முடைய பெயரை அறிவிக்கிறார்: இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமும் உள்ளவர் என்று. அங்கே 'மன்னிக்கிறவர்' என்பதற்கு வரும் எபிரேயச் சொல்லின் நேர்ப்பொருள் தூக்குதல், சுமத்தல். குற்றத்தைச் சுமக்கிறவர். அதே வாக்கியம் குற்றவாளியை அப்படியே விட்டுவிடமாட்டார் என்றும் தொடர்கிறது. அதை விழுங்கிவிட்டு முதல் பாதியை மட்டும் படிப்பது நேர்மையில்லை. சுமக்கிறவர், ஆனால் கண்டுகொள்ளாமல் விடுகிறவர் இல்லை. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்பதற்கான பதிலைத்தான் கிறிஸ்தவர்கள் சிலுவையில் பார்க்கிறார்கள்.

சரி, கடவுள் மன்னிக்கிறவர் என்றால் சும்மா மன்னித்துவிட்டுப் போகலாமே, சிலுவை எதற்கு? நியாயமான கேள்வி. ஒருவர் கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தத் தொகை காற்றில் கரைந்துவிடாது. கொடுத்தவரின் கையைக் கடிக்கும். நஷ்டம் எங்கேயோ போய் உட்காரத்தான் வேண்டும், அதை மன்னிக்கிறவர் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார். மத்தேயு 18இல் இயேசு சொல்லும் கதை இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறது. ஒரு வேலைக்காரன் ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு கூலியாளின் நாள் சம்பளம். அப்படியானால் 6 கோடி நாள் உழைப்பு. வருடத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருடம். "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் தீர்க்கிறேன்" என்று அவன் கெஞ்சுகிறான். தீர்க்கவே முடியாத கடனுக்கு அவன் கேட்டது தவணை. ராஜாவோ கடனையே தள்ளிவிடுகிறார். வெளியே போனவன், தனக்கு 100 காசு தரவேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான். அதுவும் சின்னத் தொகை இல்லை, நான்கு மாதச் சம்பளம். நமக்கு மற்றவர்கள் செய்த தீங்கு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை, அதற்கும் ஒரு தொகை போட்டிருக்கிறார். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சிலுவையில் நடந்ததை விளக்கத் திருச்சபையில் ஒரே ஒரு கோட்பாடு இருந்ததில்லை. ஆதித் திருச்சபையின் ஆசிரியர்கள் பலர் அதை மரணத்தின்மீதும் சாத்தான்மீதும் கிடைத்த வெற்றியாகப் பார்த்தார்கள். 11ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆன்செல்ம், மனிதன் செலுத்த முடியாததைக் கடவுளே மனிதனாகிச் செலுத்தினார் என்று வாதித்தார். அவருக்குச் சற்றுப் பின்வந்த அபெலார், சிலுவையில் தெரியும் அன்பு மனித மனத்தை உருக்கி மாற்றுகிறது என்பதில் அழுத்தம் கொடுத்தார். கிழக்குத் திருச்சபைகளில் பாவத்தை வியாதியாகவும் திருச்சபையை மருத்துவமனையாகவும் பேசும் வழக்கம் வலுவானது. எந்த விளக்கத்தை எடுத்தாலும் முதல் அடி கடவுளுடையதுதான். மனிதன் காசு கொடுத்துக் கோபத்தைத் தணித்த கதையாக அதை யாரும் சொல்வதில்லை.

அப்புறம் மனந்திரும்புதல் என்னவாயிற்று? அது நிபந்தனை இல்லையா? இந்தத் தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் மனம் மாறுவது. பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லுக்குப் பொருள் திரும்பி வருவது, வழி தவறிப் போனவன் வீட்டுப் பக்கம் காலைத் திருப்புவதுபோல. மனந்திரும்புதல் என்ற நம்முடைய சொல்லில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. திரும்பி வருவதென்றால் வருவதற்கு ஒரு வீடு இருக்க வேண்டும். வீட்டின் கதவு திறந்திருப்பது முதலில், கால் திரும்புவது அப்புறம்.

எரிகோவில் காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த சகேயுவின் கதை இதற்கு நல்ல உதாரணம். வரி வசூலில் கொழுத்தவன், ஊரே வெறுத்த ஆள். இயேசு அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். அதுவரை சகேயு ஒன்றுமே செய்யவில்லை, மரமேறியதைத் தவிர. பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று கூட்டம் முணுமுணுக்கிறது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்கிறான். முதலில் கணக்கைத் தீர், பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு தீர்ந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இவ்வளவு அழகான போதனை, ஆனால் நடைமுறைக்கு வந்ததும் திருச்சபையே திணறிப்போனது. கி.பி. 250இல் ரோமப் பேரரசர் தேசியு, பேரரசின் குடிகள் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டார். பலியிட்டதற்கு அத்தாட்சிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பாப்பிரஸ் சீட்டுகளில் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. விண்ணப்பித்தவரின் பெயர், ஊர், நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் கண்முன் பலியிட்டுப் படையலை ருசித்தேன் என்ற வாசகம், கீழே அதிகாரிகளின் கையெழுத்து. ஒரு சின்னத் துண்டுத் தாள். அதை வாங்க மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், சித்திரவதைப்பட்டார்கள், செத்தார்கள். ஏராளமான கிறிஸ்தவர்களோ பயந்துபோய்ப் பலியிட்டார்கள், அல்லது லஞ்சம் கொடுத்துப் பலியிடாமலே சீட்டை வாங்கினார்கள்.

உபத்திரவம் ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ஏற்றுக்கொள்வதா? கணவனைப் பறிகொடுத்த ஒருத்தியின் பக்கத்தில், சீட்டு வாங்கிப் பிழைத்தவனை உட்காரவைத்துத் திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதா? ரோமாபுரியின் குரு நொவாத்தியன் முடியாது என்றார். கடவுள் ஒருவேளை அவர்களை மன்னிக்கலாம், அது அவருடைய விருப்பம், திருச்சபை அந்த மன்னிப்பை வழங்க முடியாது என்பது அவருடைய கட்சி. கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் ஒரேயடியாக வாசலைத் திறந்தவரும் இல்லை, மூடியவரும் இல்லை. 251இல் ஆயர்கள் கூடிய சங்கத்தில், சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் நீண்ட காலம் மனம்வருந்திக் காத்திருக்க வேண்டும் என்று முடிவானது. அடுத்த உபத்திரவம் நெருங்கியபோது மனம்வருந்தி நின்ற எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு முறை சோதனை வரும்போது திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் இல்லாமல் இவர்களை எப்படி அனுப்புவது என்பது அவர்கள் சொன்ன காரணம். சிப்ரியான் 258இல் வாளுக்கு இரையானார். 325இல் நிசேயா சங்கம், நொவாத்தியன் வழிவந்த குருக்கள் திரும்பி வரலாம், ஆனால் உபத்திரவத்தில் விழுந்துபோனவர்களோடு ஐக்கியமாய் இருப்போம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்றது. மன்னிக்க மறுத்தவர்களுக்கும் வாசல் திறந்திருந்தது.

அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெரிய பாவத்துக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சபைமுன் பகிரங்கமாக மனம்வருந்தி மன்னிப்புப் பெறலாம் என்ற பழக்கம் பரவலாக இருந்தது. அதனால் சிலர் ஞானஸ்நானத்தையே சாவு வரை தள்ளிப்போட்டார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் மரணப்படுக்கையில்தான் பெற்றுக்கொண்டார். அயர்லாந்துத் துறவிகளின் வழியாகத் குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் பரவிய பிறகு, திரும்பத் திரும்ப வரலாம் என்ற வழி மேற்கில் பொதுவானது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது.

முந்தி என்ற சொல் மறுபடி சூடாவது 5ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். கடவுள் கட்டளையிட்டிருக்கிறார் என்றால் மனிதனால் அதைச் செய்ய முடியும் என்றுதானே பொருள் என்றார் பெலாஜியு என்ற துறவி. மனிதனின் விருப்பமே நோய்ப்பட்டிருக்கிறது, நல்லதை விரும்புவதற்கே அருள் முந்திவர வேண்டும் என்றார் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன். 529இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் ஆரம்பமே அருளின் வேலை என்று உறுதிசெய்தது. அகுஸ்தீனைப் பின்பற்றும் துறவற சபையைச் சேர்ந்த லூத்தர், 1517இல் பாவமன்னிப்புப் பலன் சீட்டுகளின் விற்பனையைக் கேள்வி கேட்டபோது, அந்தப் பழைய நரம்பைத்தான் தொட்டார். லூத்தரை எதிர்த்துக் கூடிய திரிதெந்து சங்கமும் 1547இல், மனிதனுடைய எந்தத் தகுதிக்கும் முன்பாகக் கடவுளின் அருள் முந்திவருகிறது என்றே எழுதியது. சண்டை அதற்கு அடுத்த படியைப் பற்றியது. அந்த அருளோடு மனிதன் ஒத்துழைக்கிறானா, வெறும் கையேந்துகிறானா? லூத்தர் கேள்வி கேட்ட 1517இலிருந்து 482 வருடம் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதி எதனாலும் இல்லாமல், அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து சொன்னார்கள். மெதடிஸ்டுகள் 2006இல் இணைந்தார்கள், சீர்திருத்தத் திருச்சபைகள் 2017இல். செய்தித்தாள்களில் பெரிதாக வராத விஷயம், ஆனால் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டுகளும் பிரிந்த அந்தப் பிளவில் எத்தனை யுத்தங்கள் நடந்தன என்று நினைத்தால் அது சின்ன விஷயம் இல்லை.

இந்த அன்பு எல்லாருக்குமா என்பது இன்னொரு கேள்வி. 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் சங்கத்தில் கூடிய கால்வின் வழியினர், சிலுவையின் பலன் கடவுள் முன்பே தெரிந்தெடுத்தவர்களையே போய்ச்சேரும் என்றார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி இதை வன்மையாக மறுத்து, முந்திவரும் கிருபை ஒவ்வொரு மனிதனையும் தொடுகிறது என்று பிரசங்கித்தார். ஆதித் திருச்சபையின் ஆசிரியர்களான ஓரிகேனும் நீசாவின் கிரகோரியும் முடிவில் எல்லாருமே மீட்கப்படுவார்கள் என்று நம்பினார்கள், ஆனால் பெரும்பான்மைத் திருச்சபைகள் அந்த முடிவை ஏற்கவில்லை. அன்பு கதவைத் தட்டும், உடைக்காது என்பது அவர்களுடைய வாதம். மன்னிக்கப்படாத பாவம் என்று மாற்கு 3இல் வருவதைப் படித்துத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரசங்கி ஜான் பனியன் நீண்ட காலம் இந்தப் பயத்தில் வெந்திருக்கிறார். அந்த வசனம் பரிசுத்த ஆவியின் வேலையைக் கண்முன் பார்த்தும் பிசாசின் வேலை என்று மனதைக் கல்லாக்கியவர்களைப் பற்றியது. நான் அதைச் செய்துவிட்டேனோ என்று பயப்படுகிறவர், பயப்படுவதாலேயே அதைச் செய்யவில்லை என்று ஆயர்கள் காலங்காலமாக ஆறுதல் சொல்லி வருகிறார்கள். இதைப் படிக்கிற யாருக்காவது அந்தப் பயம் இருந்தால், தயவுசெய்து அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போதனையைத் தவறாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. எப்படியும் மன்னிப்பு உண்டு என்று பாவத்தோடு சுகமாய் வாழ்வதை, ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோபர் 1937இல் 'மலிவான கிருபை' என்று கண்டித்தார். அதைவிட எனக்குக் கொதிப்பது வேறு ஒன்று. அடிபட்டவரைப் பார்த்து, கடவுளே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்துப் பேசாமல் இரு என்று வாயை அடைப்பது. இது சுத்த அநியாயம். சகேயுவை மன்னித்த அன்பு, அவனிடம் ஏமாந்தவர்களுக்கு நாலு மடங்கு திரும்பக் கிடைக்க வழிசெய்தது. மன்னிப்பு என்பது போலீசுக்குப் போகாமல் இருப்பதும் இல்லை, அடித்தவன் வீட்டுக்கே திரும்பிப் போவதும் இல்லை. அவரவர் நேரத்தில், அவரவர் கண்ணீரோடு வரவேண்டிய ஒன்றை இன்னொருவர் வற்புறுத்திப் பிடுங்க முடியாது.

மாற்றம் மெதுவாக வரலாம் என்பதற்கு ஜான் நியூட்டன் சாட்சி. 1748இல் கடும் புயலில் கப்பல் மூழ்கும் நிலையில் கடவுளைக் கூப்பிட்டுப் பிழைத்தவர், அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல்களின் கேப்டனாக இருந்தார். 1754இல்தான் கடலை விட்டார், அதுவும் உடல்நிலை காரணமாக. அந்த வியாபாரத்தை எதிர்த்துப் பகிரங்கமாக எழுத 1788 ஆகிவிட்டது. நாற்பது வருடம். அந்த நாற்பது வருடத்தில் விற்கப்பட்டவர்களுக்கு இது என்ன ஆறுதல் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவரும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் அந்தத் தொழிலில் தானும் கருவியாக இருந்தது தன் வாழ்நாளெல்லாம் வெட்கப்பட வைக்கும் என்று எழுதினார்.

இந்த அன்பு கெட்டவர்களைவிட நல்லவர்களைத்தான் அதிகம் கோபப்படுத்தியிருக்கிறது. நொவாத்தியன் மட்டும் இல்லை. தீர்க்கதரிசி யோனா, கடவுள் போகச்சொன்ன நினிவேக்குப் போகாமல் ஓடியது பயத்தினால் என்று நினைக்கிறோம். அவரே வேறு காரணம் சொல்கிறார்: நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன். நினிவே அசீரியரின் நகரம். பிடிபட்டவர்களைத் தோலுரிக்கும் காட்சியை அசீரிய ராஜா தன் அரண்மனைச் சுவரில் கல்லில் செதுக்கி வைத்தான். அந்தக் கற்களை இன்றும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அவர்களையா மன்னிப்பது? யோனாவின் ஆத்திரத்தை என்னால் கேலி செய்ய முடியவில்லை. அந்தப் புத்தகம் கடவுளின் கேள்வியோடு முடிகிறது. லட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களும் இத்தனை மிருகங்களும் உள்ள இந்த நகரத்துக்கு நான் பரிதபியாமல் இருப்பேனா? யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

கெட்ட குமாரன் என்று நாம் சொல்லும் கதையும் இப்படித்தான். தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்ட இளையவன் திரும்பி வரும்போதே தகப்பன் தூரத்தில் பார்த்து, மனதுருகி, ஓடுகிறார். உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று அவன் மனப்பாடம் செய்து வந்த கடைசி வரியைச் சொல்ல விடவில்லை, அதற்குள் உடையும் மோதிரமும் கேட்டாகிவிட்டது. அதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். இயேசுவோ இந்தக் கதையை, இவர் பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று முணுமுணுத்த நல்லவர்களுக்குத்தான் சொன்னார். மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். உள்ளே ஆட்டமும் பாட்டமும். கோபத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிறான். அந்தத் தகப்பன் அன்றைக்கு இரண்டாம் முறையாக வெளியே வருகிறார். வந்து வருந்தி அழைக்கிறார். 'உம்முடைய குமாரன்' என்று அவன் வெறுப்போடு சொன்னதை, 'உன் சகோதரன்' என்று மாற்றிச் சொல்கிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. கடைசி வசனத்தில் இருவரும் வாசலில் நிற்கிறார்கள்.